நான்கு விநாடி இருட்டு

நாங்கள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலரை. ஜெயங்கொண்டத்திலிருந்து விக்கிரமங்கலம் பக்கம் போகையில், முந்திரிக் காடு முடிந்ததும் வருகிற சின்ன ஊர். பெயர் சொல்லப் போவதில்லை. கார்த்திகை மாதத் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. லாரிகள் இறைத்துவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் புழுதி நனைந்து, வெள்ளையடித்த வீட்டின் வாசனை ரோடு முழுக்க அடித்தது.

போன வருஷமும் இதே வாசனைதான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய யூனியன் ஆபீஸ். ஆட்கள் புதுக் கட்டடத்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. மாடிக் கட்டடம், அகலமான முன்சுவர், மொத்தமே நான்கு ஜன்னல்கள். புரொஜெக்டரில் படம் காட்டுவதற்கு அதைவிட நல்ல சுவர் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது என்று அறிவழகன் அண்ணன் சொல்வார். அவர் செத்ததும் அந்தச் சுவரின் அடியில்தான்.

எங்கள் வேலை இதுதான். ஊர்க்காரர்கள் தங்கள் போனில் விரலால் கோடு போடுவார்கள். அது லேப்டாப்புக்கு வந்து, புரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஆளுயரத்துக்கு விழும். ஆளுக்குப் பத்து விநாடி. ஒரே ஒரு விதி உண்டு: முன்னால் போட்டவர் எங்கே விட்டாரோ அங்கிருந்துதான் அடுத்தவர் தொடங்க வேண்டும். முறை வந்தவரின் போனில் ‘இன்னார் முடித்துவிட்டார். உங்கள் முறை’ என்று வரும். சுவரின் கீழ் மூலையில் அவர் பெயர் ஒளிரும். ஊரே சேர்ந்து ஒற்றைக் கோட்டில் வரைகிற படம். எல்லாம் அண்ணனின் யோசனை. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நாங்கள் மூன்று பேர் குழு. அவர், நான், புரொஜெக்டர் பார்க்கிற அருள் பிரகாஷ்.

போன வருஷம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.

மாடிச் சுவரில் யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. அதை அவிழ்க்க அண்ணன் மேலே ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி சன்ஷேடில் இறங்கி நின்றார். இரண்டு கையும் கயிற்று முடிச்சில். அவருக்கு இருந்த ஒரே வெளிச்சம் எங்கள் புரொஜெக்டர். அருள் டீ வாங்கப் போயிருந்தான். தெருவிளக்கு சுவரில் எவ்வளவு படுகிறது என்று பார்க்க நான் லேப்டாப்பில் பி எழுத்தை அழுத்தினேன். அழுத்தினால் படம் மொத்தமும் அணைந்து சுவர் கறுப்பாகும். அவர் மேலே நிற்பதை மறந்துவிட்டேன்.

நான்கு விநாடி. அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் யாரோ குடித்துப் போட்ட பாட்டில் கிடந்தது. குடித்துவிட்டு ஏறியிருக்கிறான், விழுந்துவிட்டான் என்று ஊரில் ஒருவர் சொன்னார். மறுநாள் எல்லோரும் சொன்னார்கள். நான் அதை மறுக்கவில்லை. கோழை என்றால் நான்தான் கோழை.

இந்த வருஷம் அவர் நினைவாக அதே சுவரில் மறுபடி நடத்தச் சொல்லி ஊர் இளைஞர்கள் கேட்டார்கள். அருள் சரி என்றுவிட்டான். முதல் கோட்டைப் போட அண்ணனின் மனைவி வெற்றிச்செல்வி அக்கா வந்திருந்தார். கையைப் பிடித்தபடி மகள் சண்முகப்பிரியா, எட்டு வயது. அக்கா நேராக என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனி, ஒன்னு கேக்கணும். பள்ளிக்கூடத்துல இவளைக் கேலி பண்றாளுங்களாம். உங்கப்பா குடிகாரன்னு. எங்கிட்ட வந்து நெசமாம்மான்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

நான் கேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"நீங்கதான் கடைசியா கூட இருந்தது. அவரு குடிச்சிருந்தாரா?"

"தெரியலக்கா. நான் கவனிக்கல."

அக்கா தலையாட்டிவிட்டு, மகளின் சடையைச் சரிசெய்தபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஏழு மணிக்குத் தெருவிளக்கை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் ஓடியது. நாற்பது பேர் போனில் பெயர் கொடுத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க நூறு பேருக்கு மேல். வெற்றிச்செல்வி அக்கா விரலை வைத்தார். சுவரின் இடது மூலையில் வெளிச்சக் கோடு ஒன்று நடுங்கி நடுங்கி ஒரு பூ போட்டது. அங்கிருந்து அடுத்தவர் ஒரு பனைமரம். அப்புறம் பஸ். அப்புறம் பஸ்ஸுக்கு வால். கூட்டம் சிரித்தது. பதினோராவது ஆள், சைக்கிள் கடை குருநாதன், ஒரு ஆட்டை வரையப் போய் அது பன்றி போல வந்தது. சிரிப்பு அடங்கவில்லை.

மூலையில் பெயர் மாறியது.

அறிவழகன்.

சிலர் கை தட்டினார்கள். நினைவு நிகழ்ச்சிக்காக நாங்களே செய்தது என்று நினைத்திருப்பார்கள். நான் அருளைப் பார்த்தேன். அருள் என்னைப் பார்த்தான்.

"ஆனியக்கா, நீங்களா போட்டீங்க?"

"நான் இல்ல."

"நானும் இல்லியே."

ஆட்டின் காலிலிருந்து கோடு கிளம்பியது. மற்றவர்களின் கோடு விரல் போகிற போக்கில் வளையும். இது வளையவில்லை. சுவரில் நேராக மேலே ஏறியது, ஏணியில் ஆள் ஏறுகிற வேகத்தில், இடையிடையே நின்று. பத்து விநாடி போனது. நிற்கவில்லை. இருபது போனது. கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய், அதைத் தாண்டி, சன்ஷேடில் இறங்கியது. அங்கே ஒரு மனிதன் உருவானான். இரண்டு கையும் மேலே தூக்கியிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை.

வெற்றிச்செல்வி அக்கா எழுந்து நின்றார்.

கோடு அவன் காலிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. சுவரின் அடியில் ஒரு மேசை. மேசை மேல் திறந்த லேப்டாப். அதன் பின்னால் ஒரு பெண், இடது தோளில் போட்ட சடை. நான் என் சடையைத் தொட்டுப் பார்த்தேன். கோடு அவள் தோளிலிருந்து கைக்கு வந்தது. முழங்கை. மணிக்கட்டு. இனி விரல்தான் பாக்கி.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது.

பி எழுத்தை அழுத்தினேன்.

இருட்டு.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை. நனைந்த சுண்ணாம்பு வாசனை மூக்குக்குள் ஏறியது. அப்புறம் மேலே, மாடிப் பக்கத்திலிருந்து, மெதுவாக ஒரு குரல்.

"ஆனி, லைட்டு."

அதே குரல். போன வருஷம் கேட்ட அதே இரண்டு சொற்கள். அதில் பயம் இல்லை. பக்கத்தில் இருப்பவளிடம் தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டார், அன்றும்.

சுவரடியில் தொப்பென்று ஏதோ விழுந்தது.

கூட்டம் அலறியது. அருள் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சுவரடியில் ஈர மண்ணும் நெருஞ்சியும்தான் இருந்தன. மண்ணில் ஒரு பள்ளம்கூட இல்லை. பிறகு கேட்டபோது, விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது என்றார்கள். குரல் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

நான் மறுபடி அழுத்தினேன். சுவர் ஒளிர்ந்தது. மேலே சன்ஷேடு காலியாக இருந்தது, மனிதனைக் காணோம். கீழே அந்தப் பெண் மட்டும், விரல் இல்லாத கையோடு உட்கார்ந்திருந்தாள். மூலையில் என் பெயர்.

மடியில் இருந்த என் போன் அதிர்ந்தது. நான் இந்த நாற்பது பேரில் பெயர் கொடுக்கவே இல்லை.

‘அறிவழகன் முடித்துவிட்டார். உங்கள் முறை.’

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெற்றிச்செல்வி அக்காவும் பார்த்தார். பத்து விநாடிக் கணக்கு ஓடவில்லை. அவசரமே இல்லாமல் அந்தத் திரை காத்திருந்தது. நான் விரலை வைத்தேன். மணிக்கட்டிலிருந்து இழுத்து, லேப்டாப் மேல் கொண்டுபோய் முடித்தேன்.

பிறகு அக்காவின் முன்னால் போய் நின்று சொன்னேன். எழுத்தை அழுத்தியதை, அவரை மறந்ததை, பாட்டில் அவருடையது இல்லை என்பதை.

"அவரு ஒரு சொட்டுக் குடிக்கலக்கா. லைட்ட நான்தான் அணைச்சேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"எவ்ளோ நேரம் இருட்டா இருந்துச்சு?"

"நாலு செகண்டு."

"அவரு உங்களக் கூப்பிட்டாரா? லைட்ட போடச் சொல்லி கேட்டாரா?"

இதை மட்டும் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றால் மன்னிக்க ஒரு வழி இருக்கிறது. கூப்பிட்டது காதில் விழுந்தது என்றால் அதற்கு வழி இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லக்கா. கூப்பிடல."

அக்கா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணை அப்படித் தூக்க வேண்டியதில்லை. "உங்கப்பா குடிக்கலடி. கேட்டுக்கிட்டல்ல?" என்றார். அப்புறம்தான் அழுதார். அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறிப் போனார்.

மறுநாள் அருள் பதிவைத் திறந்து பார்த்தான். பதினோராவதாகக் குருநாதன். அதற்கடுத்து பதின்மூன்று என்று என் பெயர். பன்னிரண்டு என்ற எண்ணே அதில் இல்லை. அண்ணனின் போன் அவர் விழுந்த அன்றே நொறுங்கி, அக்கா வீட்டு பீரோவில் கிடக்கிறது. அருள் அந்த புரொஜெக்டரை விற்றுவிட்டான். என்னிடம் பேசுவதும் இல்லை. அதற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறேன், அம்மாவோடு. அக்காவிடம் மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாப் வரை போனேன். இரண்டு தடவையும் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

நேற்று மாலை அம்மா ஜெபமாலை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது. எங்கள் ஊரில் கரண்ட் போவது செய்தி இல்லை. ஆனால் தூறலே இல்லாத மாலையில், லாரியே வராத எங்கள் தெருவில், நனைந்த சுண்ணாம்பு வாசனை வந்தது.

மேசை மேல் போன் அதிர்ந்தது. கோடு போடுகிற அந்தச் செயலியைப் போனிலிருந்து நான் அழித்து மூன்று வாரமாகிறது.

‘அறிவழகன் முடித்துவிட்டார். உங்கள் முறை.’

எதிர்ச் சுவர் உச்சியிலிருந்து, மெதுவாக.

"ஆனி, லைட்டு."

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்று அவர் இப்படிக் கூப்பிட்டபோது நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட. தெருவிளக்கு எங்கே படுகிறது என்று இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றிருந்தது எனக்கு. அதனால் தலையைக் கூடத் தூக்காமல் சொன்னேன்.

இருட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

"ஒரு நிமிஷம்ணே."

என் குரல், அன்று நான் சொன்ன அதே பதில். சுவர்ப் பக்கத்திலிருந்து வந்தது. என் வாய் பொத்தியபடியேதான் இருந்தது.

அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"யாருகிட்டடி ஒரு நிமிஷம்ங்குற?"