இருபத்து மூன்று பென்சில் கோடுகள்

பேருந்து போட்ட ஒரே பிரேக்கில் அவள் முகம் முன்சீட்டுக் கம்பியில் போய் இடித்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குக் கண்ணாடியில், காதில் மாட்டும் ஒரு பக்கக் கம்பி மட்டும் கழன்று மடியில் விழுந்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். வெளியே மழை. கண்ணாடி இல்லாத அவள் கண்ணுக்கு ஊரே கரைந்துகொண்டிருந்தது... சிவப்பாக ஒரு கறை, மஞ்சளாக ஒரு கறை, நடுவில் ஓடும் குடைகள். நல்லவேளை, எதிரே ஒரு பலகையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு இரண்டு கண்கள் வரைந்திருந்தார்கள். அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிக் கடை!

உள்ளே போய், "ஏங்க, இத கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமா?" என்றாள்.

"முடியும். ஆனா நீங்க பேசிட்டிருக்கிறது அலமாரிகிட்ட. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினாள். வெள்ளையாக ஒரு மேகம், அதன் மேல் கறுப்பாக இன்னொரு சின்ன மேகம். சட்டையும் தலைமுடியுமாக இருக்கவேண்டும்.

"நேரா மூணு அடி வந்தா ஸ்டூல் இருக்கு. பக்கத்துல ஒரு குடை நிக்குது, அதுகிட்டயும் பேச்சு குடுத்துடாதீங்க."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஈரப் பையை மேசையில் வைத்தபோது உள்ளே இருந்த புத்தகம் பென்சிலோடு சேர்ந்து வெளியே வழுக்கி வந்தது.

"அட, புளுகு மாமா!" என்றது மேகம். "எந்த கிளாஸ் படிக்கிறீங்க?"

"நான் டீச்சருங்க. இது படிக்க இல்ல, பார்க்க."

பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று இருந்தது. தலைவர் அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பிள்ளைகளுக்கு ஒவ்வாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, அறிக்கை எழுதித் தருவது அவள் வேலை. அவள் ஒரு பக்கத்தையும் விட்டதில்லை.

"எப்படி இருக்கு புத்தகம்?"

வேறு யாராவது கேட்டிருந்தால் நாலு வார்த்தை மென்று விழுங்கியிருப்பாள். ஆனால், மேகத்திடம் யார் கூச்சப்படுவார்கள்?

"தண்டம்! யாரோ கொசுன்னு பேரு வெச்சுக்கிட்டு எழுதுறாரு. ஆறு பாகம் வந்தாச்சு. புள்ளைங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குதுங்க. உள்ள என்ன இருக்கு? அத்தியாயத்துக்கு ஒரு பொய் சொல்றாரு அந்த மாமா. தண்டனையே கிடையாது. பெரியவங்க எல்லாரும் அதுல முட்டாளு. இருபத்து மூணு இடத்துல கோடு போட்டிருக்கேன்!"

திருகாணி இறுக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது.

"கடலுக்கு ஜலதோஷம், அது தும்மும்போதுதான் அலை வருதுன்னு மாமா சொல்றாரு. இதுல யாரு டீச்சர் ஏமாறுவா? பொய்ய கண்டுபிடிச்ச சந்தோஷத்துலதானே புள்ளைங்க சிரிக்குது? பொய்ய கண்டுபிடிக்கிறதும் ஒரு படிப்புதானே?"

"கண்ணாடி விக்கிறவரு புத்தகத்துக்கு வக்கீலா?"

"மூக்கு மேல உக்கார்ற சரக்கு விக்கிறேன். மூக்க நுழைக்காம இருக்க முடியுமா?"

சொல்லிக்கொண்டே மேகம் அருகில் வந்தது. குளிர்ந்த கம்பிகள் இரண்டு காதுகளிலும் மெல்ல ஏறி உட்கார்ந்தன. மேகம் கலைந்தது...

அங்கே ஒரு முகம் இருந்தது. சிரித்து முடித்த பிறகும் சிரிப்பு கிளம்பிப் போகாமல் தங்கிவிட்ட கண்கள். மழை நின்றபின் இலை நுனியில் தொங்கும் துளி போல, விழுமோ விழாதோ என்று ஒரு மினுக்கல்.

"இப்ப தெரியுதா?"

"...தெரியுது."

தேவைக்கு மேலேயே தெரிந்தது. இந்த முகத்திடமா தண்டம் என்றோம்? சொன்னால் என்ன, புத்தகத்தை எழுதியது இவனா? அப்படியென்றால் ஏன் காது சுடுகிறது? வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது. அதைச் சாக்காக வைத்து, கூலியை மேசையில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

புத்தகம் மேசையிலேயே கிடந்தது.

அதை எங்கே விட்டோம் என்பது அவளுக்கு அன்று மாலையே தெரியும். போவதற்குத்தான் மூன்று நாள் ஆனது. ஏன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். சரியான பதில் கிடைக்காததால் கேள்வியையே கைவிட்டாள்.

நான்காம் நாள் பள்ளி விட்டு வந்தபோது கடையில் ஒரே கும்மாளம். கண் பரிசோதனைக்குக் காத்திருந்த பிள்ளைகள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவளுடைய புத்தகம்!

"டேய், சும்மா பக்கமெல்லாம் தள்ளு. கோடு போட்ட இடத்துக்குப் போ. அங்கதான் செம காமெடி!"

"யாரோ நல்லவங்க கோடு போட்டுக் குடுத்திருக்காங்கடா..."

அவளுக்குத் தரையில் ஒரு பள்ளம் தேவைப்பட்டது. கண்ணாடிக் கடைக்காரன் மேசைக்குப் பின்னால் கன்னத்தில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாளா இதேதான் டீச்சர். எது நல்ல ஜோக்குன்னு உங்கள மாதிரி யாரும் துல்லியமா காட்டினதில்ல. எழுதின எனக்கே தெரியாது."

"எழுதின... என்ன சொன்னீங்க?"

"கொசு நான்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தண்டம்னு கேட்டதுக்கப்புறம் வாய் வரல."

"என்னைப் பேச விட்டு வேடிக்கை பார்த்தீங்களா?" அவள் குரல் உயர்ந்தது.

அவனுக்கும் சுருக்கென்றது. "வேடிக்கைதான் பார்த்தேன், உங்க கோட்டை. அம்பத்திரண்டாம் பக்கத்துல பென்சில் முனையே ஒடைஞ்சிருக்கு. ஆறு பாகத்துல அதுதான் ரொம்ப பேரு சிரிச்ச இடம், தெரியுமா? ஜோக்க ஜோக்கா எடுத்துக்கணும் டீச்சர்."

ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், தடித்த கண்ணாடி போட்ட ஒரு சிறுமி வகுப்புக்குள் வருவாள். "சோடாபுட்டி, வெயில்ல திரும்பிடாதே, பள்ளிக்கூடம் பத்திக்கும்!" என்பார் புளுகு மாமா. வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

"அந்தப் பேரு எனக்கு ஏழு வருஷம் இருந்துச்சு," என்றாள் அவள், மெல்ல. "என் சொந்தப் பேரே பாதி பேருக்குத் தெரியாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பெஞ்சிலிருந்து ஒரு சின்னக் குரல்.

"அம்மா... எனக்குக் கண்ணாடி வேணாம்."

எட்டு வயதிருக்கும் அந்தச் சிறுமிக்கு. வாழ்க்கையின் முதல் கண்ணாடிக்கு அளவெடுக்க வந்தவள். இப்போது புத்தகம் அவள் மடிக்கு வந்திருந்தது. மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்திருந்தாள். "என்னடி திடீர்னு?" என்று அம்மா கேட்டாள்.

கடைக்காரனின் கண்களில் தங்கியிருந்த அந்தச் சிரிப்பு அப்போதுதான் கிளம்பிப் போனது. அவன் அசையவில்லை.

டீச்சர்தான் போய்ச் சிறுமியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்த அங்கிள் இருக்காரே, கண்ணாடி இல்லாம பார்த்தா வெறும் மேகம். போட்டுப் பார்த்தாதான் தெரியும், அவரு மூக்கு மேல ஒரு விமானமே இறங்கலாம்."

சிறுமி சந்தேகமாக அவளைப் பார்த்தாள். "பொய்யி."

"கண்டுபிடிச்சிட்டியே! ஆனா மூக்கு பெருசுதான். கண்ணாடி போட்டுட்டு நீயே அளந்து பாரு."

சிறுமி கடைக்காரனின் மூக்கைப் பார்த்தாள். அவன் கூச்சத்தோடு அதை விரலால் மறைத்தான். உதட்டோரம் அவளுக்குச் சிரிப்பு கசிந்தது... பிறகு பொங்கியது. "முதல்ல எனக்கு அளவெடுங்க!" என்று எழுந்து நின்றாள்.

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. புத்தகத்தை மறுபடியும் மறந்துவிட்டாள்.

மறுநாள் பள்ளி வாசல் காவலர் ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே, அவள் பள்ளியின் பெயர் எழுதிய அந்தப் புத்தகமும் ஒரு சீட்டும்.

'ஐம்பத்திரண்டாம் பக்கம் நீங்கள் சொன்னபடிதான். இந்தக் கடைக்கு வருமுன் எழுதியது. வந்த பிறகாவது திரும்பப் படித்திருக்கலாம், படிக்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்தச் சிறுமி இருப்பாள், அந்தப் பெயர் இருக்காது. மாமாவின் மூக்கில் விமானம் இறங்கும். மற்ற இருபத்திரண்டுக்கும் சண்டை போடத் தயார். ஒரு சந்தேகம். ஒன்பது, முப்பது, நாற்பத்தேழு, எழுபத்தொன்று ஆகிய பக்கங்களில் ஓரத்தில் ஏதோ போட்டு அழித்திருக்கிறீர்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் தெரிகிறது. ஏன் அழித்தீர்கள்?'

அவள் சீட்டை மூன்று முறை படித்தாள். பிறகு முப்பதாம் பக்கத்தைப் பிரித்தாள். கடல் தும்மிக்கொண்டிருந்தது.

அன்று மாலை அப்பா கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, அந்தக் கொசு புத்தகம் என்னாச்சு? வேணாம்னு எழுதிட்டியா?"

"இல்லப்பா. ஒரு பக்கம் திருத்தணும், திருத்தினா சேர்க்கலாம்னு எழுதியிருக்கேன். நாலு இடத்துல எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதையும் எழுதியிருக்கேன்."

அப்பா தாளைத் தாழ்த்தினார். "சிரிப்பு வந்தா தராசு சாஞ்சிடும்னு உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"சாஞ்சது நெஜம்தானேப்பா? மொதல்ல நீங்க பார்த்துடுவீங்கன்னு அந்த இடத்துல போட்ட குறியையெல்லாம் அழிச்சேன். அதை மறைச்சா, மாமாவோட புளுகவிட என் அறிக்கை பெரிய புளுகாயிடும்."

அப்பாவிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. அப்பா கையை நீட்டிப் புத்தகத்தையும் அறிக்கையையும் வாங்கி, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... கதவுக்குப் பின்னால் யாரோ இருமுவது போல ஒரு சத்தம். அப்பாவுக்கு இருமல் கிடையாது.

வெளியே வந்தபோது அவர் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறிக்கையின் அடியில் கையெழுத்து இருந்தது.

"அந்தப் பக்கத்த திருத்தித்தான் ஆகணும், சொல்லிட்டேன். ஆமா, யாரு இந்தக் கொசு? உனக்குத் தெரிஞ்சவனா?"

"பார்த்திருக்கேன்ப்பா... ஒரு தடவ கண்ணாடி இல்லாம, ஒரு தடவ கண்ணாடியோட."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அல்லது எல்லாமே விளங்கியது. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மறுபடியும் மழை. கடையில் அவன் மட்டும்தான் இருந்தான். அறிக்கையின் நகலை அவன் முன் வைத்துவிட்டு அவள் நின்றாள். அவன் கடைசி வரி வரைக்கும் படித்தான்.

"நாலு இடம்னு எழுதியே குடுத்துட்டீங்க..." அவன் குரல் தழைந்திருந்தது. "எல்லாரும் சிரிச்சுட்டுத் தூக்கிப் போட்டுருவாங்க. இல்ல, திட்டிட்டுத் தூக்கிப் போட்டுருவாங்க. ஒரு வரி விடாம என்னைப் படிச்சது நீங்க ஒருத்தர்தான் டீச்சர். இனிமே எதை எழுதினாலும், உங்க பென்சிலுக்குக் காட்டாம வெளிய விட மனசு வராது. எழுதுறது மட்டும் இல்ல..." நிறுத்தினான். "மிச்சத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன். உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

மழை பலகையின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? அவளுக்கு ஒரு வழி தெரியும். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் மேகமானான். இனித் தைரியமாகச் சொல்லிவிடலாம்...

மேகம் அருகில் வந்தது. அவள் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, சட்டை நுனியில் துடைத்து, அவள் காதுகளில் மறுபடியும் மாட்டிவிட்டது.

"இப்ப சொல்லுங்க."

எதிரே அந்தக் கண்கள். போன சிரிப்பு வீடு திரும்பியிருந்தது.

"எனக்கும்..." என்றாள். மறுபடி தொடங்கினாள். "எனக்கும் உங்கள புடிச்சிருக்கு. இத அழிக்க மாட்டேன்."