பஸ்ஸில் வந்தவர்

ஷூவைக் கழற்றியபோது உள்ளிருந்து ஒரு கல் விழுந்து தரையில் உருண்டது. கோமதிநாயகம் குனிந்து எடுத்தார். புளியங்கொட்டை அளவுக் கருங்கல் சில்லு. ஒரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கருகே கொண்டுபோனார். நிலக்கரிப் புகையும் துருவும் கலந்த வாடை. ரயில் பாதையில் கொட்டிக் கிடக்கிற ஜல்லி அது. ஆனால் தம்பானூர் அலுவலகத்திலிருந்து பேட்டையிலுள்ள வீட்டுக்கு அவர் தினமும் பஸ்ஸில்தான் வருகிறார். நாலு மாதமாகத் தண்டவாளத்துப் பக்கமே போனதில்லை.

ஜன்னல் வழியாக வீசி எறிந்தார். மறுநாள் மாலை ஷூவுக்குள் இரண்டு கிடந்தன.

மூன்றாம் நாள் அவர் மனைவி செண்பகவல்லி துணி துவைக்க எடுத்தவள், கால்சட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பஸ்ஸிலதான வாறிய? பின்ன அடியெல்லாம் இவ்வளவு கரி எப்படி?"

கம்பெனி குடோனில் ஏதோ எந்திரத்தின் மேல் உரசிவிட்டது என்றார். அவள் அதைத் தனியாக ஊறப்போட்டாள். அன்று படுத்தபடி, வந்த வழியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். அலுவலகப் படி, பஸ் நிறுத்தத்தில் ஈரக் குடைகளின் வாடை, கால் வைத்து ஏறிய சிவப்பு பஸ்ஸின் தகரப் படி, எல்லாம் இருந்தன. அதற்கடுத்து இருந்தது வீட்டு வாசல். நடுவில் ஒன்றுமே இல்லை. எழுந்துபோய்ச் சட்டைப் பைகளைத் துழாவினார். எந்தப் பையிலும் பஸ் டிக்கெட் இல்லை.

பேட்டைக்காரர்கள் பலரும் தண்டவாளத்தின் மேல்தான் வீடு திரும்புவார்கள். ரோடு சுற்றிக்கொண்டு போகும், தண்டவாளம் நேர்வழி. கோமதிநாயகமும், கயிறு ஏற்றுமதிக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த பூதலிங்கமும் எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தார்கள். பூதலிங்கம் மூத்தவர். வலது காது மந்தம். ஹெட் கிளார்க் நாற்காலி காலியாகி, அது பூதலிங்கத்துக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த வாரம் அது. நாலு மாதத்துக்கு முன், ஜூனில் பிடித்துக்கொள்ளும் இடவப்பாதி மழை. உப்பிடாமூடு பாலம் தாண்டி, மேட்டை வெட்டிப் போட்ட பாதையில், இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் வெட்டுக்கல் சுவர் எழுந்து நிற்கிற இடத்தில், கோமதிநாயகத்தின் செருப்பு வார் அறுந்துவிட்டது. சரிசெய்ய ஓரமாக ஒதுங்கினார். பூதலிங்கம் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

அப்போது பாலத்துக்கு அடியிலிருந்து பெட்டிகள் இல்லாத தனி இன்ஜின் ஒன்று இறக்கத்தில் சத்தமில்லாமல் வந்தது. மழை இரைச்சலில் சக்கர ஓசை கரைந்துபோய், தண்டவாளத்தின் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. கோமதிநாயகம் பார்த்தார். நேரம் இருந்தது. அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை போதும். வார்த்தை நாக்குக்கு வருமுன்னே நாற்காலி மனத்தில் வந்து நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்துக்குள் இன்ஜின் அவரைக் கடந்து பூதலிங்கத்தின் மேல் ஏறிவிட்டது.

பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று பிறகு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். தொண்டை அடைக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை. மேட்டில் ஏறி ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்தார். கேட்டவர்களிடமெல்லாம், அன்றைக்கு நான் பஸ்ஸில் வந்துவிட்டேன் என்றார். பூதலிங்கத்தின் மனைவி சொர்ணம்மாளிடமும் அதையேதான் சொன்னார்.

"நீங்க கூட இருந்திருந்தா ஒரு சத்தம் குடுத்திருப்பிய தம்பி" என்றாள் அவள், அழுகைக்கு நடுவில்.

நாற்காலி அவருக்கு வந்தது. அதற்கு ஏற்றாற்போல் கால்சட்டையும் கறுப்பு ஷூவும் வாங்கிக்கொண்டார்.

கற்கள் ஏழு நாள் தொடர்ந்து வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொர்ணம்மாள் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத்தான் போனார். அவள் காப்பி கொடுத்தாள். கம்பெனியிலிருந்து இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அவர் ஒருவர்தான் வருகிறார் என்றாள். அவர் தங்கமான மனிதர் என்று உள்ளே இருந்த மகளிடமும் குரல் கொடுத்துச் சொன்னாள். கோமதிநாயகத்தின் காதும் கழுத்தும் சுட்டன. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டார். தெருமுனை வரை தலை நிமிரவில்லை.

மறுநாள் மாலை, ஐப்பசி மழைக்கான துலாவர்ஷ மேகம் கறுத்துக் கிடந்தது. நேராகச் சொர்ணம்மாள் வீட்டுக்கே போவதென்று பஸ் ஏறினார். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். கண்ணைச் சிமிட்டக்கூட மனமில்லை. நிறுத்தங்களை வாய்க்குள் எண்ணினார். முன் ஸீட்டுக்காரரின் கழுத்து மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீசல் வாடை, நனைந்த தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாடை, கூரையில் மழை. பேட்டை என்று கண்டக்டர் கத்தினார். கோமதிநாயகம் எழுந்தார். படியில் இறங்கினார்.

காலடியில் ஜல்லி நொறுங்கியது.

இரண்டு பக்கமும் வெட்டுக்கல் சுவர். சுவரில் வழிகிற தண்ணீர். பஸ் இல்லை. ரோடு இல்லை. கையை விரித்தார். டிக்கெட் இல்லை.

முன்னால், பத்தடியில், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஒருவர் நடந்துகொண்டிருந்தார்.

தண்டவாளம் மெல்ல முனகத் தொடங்கியது. அன்றைக்குக் கேட்ட அதே முனகல். இந்தத் தடவை கூப்பிட்டுவிடலாம். கோமதிநாயகம் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"அண்ணாச்சி! ஓரமா மாறிக்கிடுங்க!"

பூதலிங்கம் நின்றார். திரும்பினார். முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. அவர் பார்வை கோமதிநாயகத்தின் மேல் நிற்காமல், அவரைத் தாண்டிப் பின்னால் போயிற்று. குடையை மடக்கினார். அவசரமில்லாமல் தண்டவாளத்தை விட்டு இறங்கி, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார்.

தன் கால்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில். குறுக்குக் கட்டையின் மேல். உள்ளங்காலில் அதிர்வு. தூக்கினார். கால் எழவில்லை. முதுகில் நீராவியின் சூடு.

"அண்ணாச்சி... ஒரு கை குடுங்க."

பூதலிங்கத்தின் வாய் திறந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மனிதனைப் போல அவர் தலையைத் தொங்கப்போட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நனைந்து ஒட்டிய வெள்ளைச் சட்டை. கூனிக் குறுகிய முதுகு. அதன் மேல் இன்ஜின் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்தது.