முப்பத்தாறு வட்டங்கள்

வீட்டில் அவளை ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை பதினோரு ராத்திரி மொட்டைமாடியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவள் எடுத்தது நிலாவை அல்ல. நிலாவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் எடுத்தது ஒரு கேலக்ஸிக் கூட்டம். கேலக்ஸி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்து வாழும் ஊர். அப்படி எத்தனையோ ஊர்கள் கூடியிருக்கும் கூட்டம் அது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வானம் நகர நகரக் கேமராவைத் திருப்பும் சின்ன மோட்டார் ஒன்றை வைத்து, இரண்டிரண்டு நிமிடமாக நானூறு படம் எடுத்தாள். நானூறையும் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினாள்.

அப்போதுதான் அவை தெரிந்தன. நட்சத்திரங்களுக்கு நடுவே, விரல் பட்ட கறைபோல மங்கலாக முப்பத்தேழு. ஒவ்வொன்றும் ஒரு கேலக்ஸி. திரைமேல் டிரேசிங் தாளை வைத்து, பெரிய நட்சத்திரங்களுக்குப் புள்ளி வைத்து, கேலக்ஸிகளின் இடத்தையெல்லாம் குறித்து எண் போட்டாள். சந்தோஷத்தில் அன்று சாப்பிடவே மறந்துவிட்டாள்.

அதே சந்தோஷத்தில் ஒரு தப்பும் செய்தாள். கணினியில் இடம் போதவில்லை என்று அந்த நானூறு படங்களையும் அழித்துவிட்டாள். முடிந்த படம்தான் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறதே.

பள்ளிக் கண்காட்சிக்கு அதைத் திரையில் தெரிந்த அதே அளவில் அச்சடிக்க வேண்டும். அம்மாவின் தம்பி போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார்.

"கொடு, மாமா பார்த்துக்கறேன்" என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரு, தழும்பு, கருவளையம் எதுவும் அவர் கைக்குத் தப்பாது. ஒரு தடவை கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் மூக்கில் இருந்த மச்சத்தையே அழித்துவிட்டார். படத்தில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்று மாப்பிள்ளையின் அம்மா சண்டைக்கு வந்தார். இதெல்லாம் தெரிந்தும் ஆந்தை ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் மாமா படத்தை அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார்.

"நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்தேன். ஒரே அழுக்கு. ஒண்ணொண்ணா துடைச்சு எடுத்தேன். இப்ப பாரு, பளிச்சுன்னு இருக்கு."

ஆந்தை பார்த்தாள். கறுப்பு வானம், மின்னும் நட்சத்திரங்கள், மூலையில் தங்க நிறத்தில் ஸ்டுடியோ ஸ்டிக்கர். ஒரு கேலக்ஸியைக்கூடக் காணவில்லை.

"பழைய படம் இருக்கா மாமா?"

"அது எதுக்கு? அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

மறுபடி எடுக்கவும் வழியில்லை. அந்தக் கூட்டம் இப்போதெல்லாம் சூரியனோடு சேர்ந்தே மறைந்துவிடுகிறது. இனி அடுத்த வருஷம்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமா போன பிறகு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பாவம்டி, உனக்காக முழிச்சிருந்து செஞ்சிருக்கான். இப்படியே கொண்டு போ. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா அவன் மனசு கஷ்டப்படும்."

"என் மனசு?"



படத்தைக் கிழித்துப் போடலாமா என்றுகூட ஆந்தைக்குத் தோன்றியது. விடிந்ததும் டிரேசிங் தாளை எடுத்தாள். நட்சத்திரங்கள் பொருந்தும்படி படத்தின் மேல் வைத்து, எண் போட்ட இடங்களில் குண்டூசியால் லேசாகக் குத்தினாள். குத்திய இடத்தைச் சுற்றி வெள்ளைப் பேனாவால் வட்டம் போட்டாள். முப்பத்தாறு வட்டங்கள். முப்பத்தேழாவது ஸ்டிக்கரின் மேல் விழுந்தது. அதை விட்டுவிட்டாள்.

கீழே ஒரு சீட்டு ஒட்டினாள். 'இந்தப் படத்தில் முப்பத்தேழு கேலக்ஸிகள் இருந்தன. தவறுதலாக அழிந்துவிட்டன.' யார் அழித்தது என்று எழுதவில்லை.

கண்காட்சியில் நடுவர் அதைப் படித்தார். "நேர்மையா எழுதியிருக்கே. ஆனா காட்ட வேண்டியது படத்துல இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். வருஷா வருஷம் வெடிக்கும் சோடா உப்பு எரிமலைக்கு, வருஷா வருஷம் போல, முதல் பரிசு கிடைத்தது.

மத்தியானம் மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"அந்த அழுக்கா?"

"அழுக்கு இல்ல மாமா. அந்த வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி நம்ம மொட்டைமாடிக்கு வர முப்பது கோடி வருஷம் ஆச்சு."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்தே என்னைத் திட்டியிருக்கலாமே" என்றார்.

"திட்டணும்னுதான் இருந்தது. இப்பவும் இருக்கு."

"திட்டிடு."

ஆந்தை திட்டவில்லை. கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. திட்டினால் ஒன்றுகூடத் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

மாமா குனிந்து வட்டங்களை விரல் வைத்து எண்ணினார். ஒவ்வொன்றாக, அழித்தபோது எண்ணாததையெல்லாம் எண்ணினார்.

"முப்பத்தாறுதானே இருக்கு?"

"ஒண்ணு உங்க ஸ்டிக்கருக்கு அடியில போயிடுச்சு."

மாமா நிமிர்ந்தார். "ஸ்டிக்கர் ஒட்டுற இடம்தானேன்னு அந்த மூலையை நான் துடைக்கவே இல்லையே."

ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். படம் கிழிந்துவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தார். அவருடைய ஸ்டுடியோ பெயர் துண்டு துண்டாக வந்தது. கடைசித் துண்டும் வந்ததும் இரண்டு பேரும் குனிந்தார்கள்.

அங்கே, நொய்யரிசி அளவுக்கு, மங்கலாக ஒரு கறை.

மாமா மேஜைமேல் கிடந்த வெள்ளைப் பேனாவை எடுத்து நீட்டினார். ஆந்தை வாங்கவில்லை.

"இதுக்கு வட்டம் வேண்டாம் மாமா. இது இருக்கு."