உறைந்த ஏரியில் மூன்று பிள்ளைகள்

படத்திலிருந்த மூன்று பிள்ளைகளில் ஒருவனின் காது தெரிந்தது.

பின்லாந்தில் வேலை பார்க்கும் கணவன் டேவிட் ராஜ் அனுப்பிய ஓவியம் அது. சிதம்பரத்து வாடகை வீட்டில், மகள் ஷெரினின் கட்டிலுக்கு மேல் ஜான்சி அதை மாட்டியபோது மூவரும் முதுகைக் காட்டி, உறைந்த ஏரியைப் பார்த்துத்தான் நின்றார்கள். "இந்த ஊரு படத்துல புள்ளைங்க சிரிக்காதுங்க" என்று டேவிட் போனில் சொல்லியிருந்தான். அதன்பின் அழைக்கும்போதெல்லாம் மகளை விசாரிக்கும் முன்பே படத்தைத்தான் விசாரித்தான்.

மாலையில் கரண்ட் போனது. சித்திரை வெக்கையில் கூடத்துச் சுவரெல்லாம் அனலடிக்க, ஷெரினின் அறையிலிருந்து மட்டும் ஈரக் கம்பளி நாற்றத்தோடு குளிர் கசிந்து வந்தது. மெழுகுவத்தியோடு உள்ளே போனாள். காய்ச்சலில் கிடந்த ஷெரின் போர்வைக்குள் முனகினாள். மேலே, அந்தப் பையன் முழுதாகத் திரும்பியிருந்தான். நீலம் பாய்ந்த உதடு. தாடையில் குழி. டேவிட்டின் தாடை.

மெழுகுவத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்து டேவிட்டைப் போனில் அழைத்தாள்.

"யாருங்க அந்தப் பையன்?"



"எம் புள்ளதான். இங்க பொறந்தவன். போன குளுருல ஏரிப் பனி ஒடஞ்சி உள்ள போயிட்டான். அவுங்கம்மாதான் படத்த வரைஞ்சா."

ஜான்சி ஷெரினின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அத ஏன் எம்பொண்ணு ரூமுல மாட்டச் சொன்னீங்க?"

"அவனுக்கு அங்க ரொம்பக் குளுருது, ஜான்சி." அவன் அழுதுகொண்டிருந்தான். "எப்பிடியும் உங்கிட்ட ஒரு புள்ள இருக்கும். நல்லாப் பாத்துக்க."

போன் கைநழுவியது.

உள்ளே ஓடினாள். முனகல் நின்றிருந்தது. போர்வையோடு வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"ஷெரின்."

கனம் ஜாஸ்தி. கன்னத்தில் உரசிய முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒட்ட வெட்டிய முடி.

நிமிர்ந்தாள்.

படத்தில் இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்றார்கள். மூன்றாவதாக, மஞ்சள் நைட்டியில், வெறுங்காலோடு பனிமேல் ஷெரின். உள்ளங்கைகள் இரண்டும் சாயத்தின் உட்புறம் அப்பியிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

ஜான்சியின் கழுத்தைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள், சில்லென்று, இறுகின.