நாற்காலி இல்லாத கூட்டம்

செவ்வாய்க் குடியிருப்பில் வேலைக்குக் கிளம்புகிறவன் முதலில் தன் வீட்டுக் கதவுக்கு வாயை ஊதிக் காட்ட வேண்டும். கதவு முகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் திறக்கும். குடித்தவன் ஒருவன் தவறான குழாயைத் திருகிவிட்டால் நாற்பதாயிரம் பேருக்கும் மூச்சு நின்றுபோகும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் கதவுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த நாற்பதாயிரம் பேருக்கும் தெரியும். கதவு செய்த நிறுவனத்துக்கு மட்டும் தெரியாது.

காற்றுக்குழாய் பழுது பார்க்கும் பூவராகன் அன்று கிராம்பு இல்லாமல் ஊதினான். கதவு திறந்தது. நான்கு நாளாக அப்படித்தான் திறக்கிறது. கை நடுக்கம்தான் நிற்கவில்லை. சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆயிற்று.

மாலை ஐந்து மணிக்கு அவன் மகள் தாரகை வருகிறாள். தாயில்லாத ஒன்பது வயதுப் பெண். விண்மிதவையில் உள்ள விடுதிப் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புவார்கள். போன ஆண்டு அவளை அழைக்கப் போனவன் பாசிச் சாராயத்தில் ஊறிப்போய்ப் போனான். வந்த விண்ணோடத்திலேயே பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை குடிமறப்போர் கூட்டத்தில் கலந்துகொண்டதற்கு முத்திரை காட்ட வேண்டும். இல்லையென்றால் தாரகை அரசாங்கத்துப் பிள்ளை. பூவராகன் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, கடைசி நாளில் கிளம்பியிருந்தான்.

கூட்டம் மூன்று மணிக்கு. சுவரொட்டியில் போட்டிருந்த ஏழாம் தளத்து மண்டபத்தில் காளான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். காளான் பறித்த அம்மாளிடம் கேட்டான்.

"அதைக் கீழ பேட்டரி ரூமுக்கு மாத்தி மூணு வருசமாச்சே! ஏன் தம்பி, நீயேவா போறே?" என்று அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

இறங்கினான். தளத்துக்குத் தளம் சாராய இயந்திரம் நின்றது. ஒன்று அவனை அடையாளம் கண்டுகொண்டது. "பூவராகண்ணே! நாலு நாளா ஆளையே காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்த நான்கு நாளில் அவனை விசாரித்த ஒரே குரல் அதுதான். வலது கை தானாக இயந்திரத்தின் பக்கம் போனது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

பேட்டரி அறையில் இருபத்துமூன்று எந்திரங்கள் வட்டமாக நின்றன. எல்லாம் பதிலிகள். வரிசையில் நிற்க, கையெழுத்துப் போட, துக்கம் விசாரிக்க என்று மனிதர்கள் தங்களுக்குப் பதிலாக அனுப்புகிற எந்திரங்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

ஒன்று பேசியது. "வணக்கம். என் பெயர் தில்லைநாயகம். நான் குடிக்கு அடிமை. குடியை நிறுத்தி இருநூற்றுப் பத்து நாள் ஆகிறது." மற்றவை சரியாக மூன்று முறை கை தட்டின.

"மனுசங்க யாரும் வரலையா?" என்றான் பூவராகன்.

"வருவதில்லை. அதற்குத்தான் நாங்கள்" என்றது தில்லைநாயகத்தின் பதிலி.

"எனக்கு முத்திரை வேணும்."

"சீட்டைப் பதிலியின் நெற்றியில் வைத்து அழுத்தினால்தான் அதில் முத்திரை விழும். நேரில் வருபவருக்கு விதி எழுதப்படவில்லை. இதுவரை யாரும் வந்து தொலைந்ததில்லை."

பூவராகன் உட்கார இடம் தேடினான். நாற்காலியே இல்லை, பதிலிகளுக்கு எதற்கு நாற்காலி? தரையில் சரிந்தான்.

"எம் பொண்ணு வாசல்ல நிப்பா. மேல போனா அந்த மிஷின் மறுபடி கூப்பிடும். நான் போயிருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

தில்லைநாயகத்தின் பதிலி, மடங்கிப் பழகாத முழங்கால் கிறீச்சிட, அவன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அரை மணி நேரம் உங்களுக்குப் பதிலியாக இருக்கிறேன். சொல்லுங்கள்."

அவன் திக்கித் திக்கிச் சொன்னான். அது எழுந்து நின்று சொன்னது: "என் பெயர் பூவராகன். குடியை நிறுத்தி நான்கு நாள் ஆகிறது. போன ஆண்டு என் மகள் கண்ணெதிரே விழுந்தேன். கழன்ற என் செருப்பை அவள் தேடி எடுத்து என் காலில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்."

இந்த முறை கைதட்டலில் தாளம் தப்பியது. அதன் நெற்றியில் அழுத்திய சீட்டில் பூவராகன் பெயருக்கு முத்திரை விழுந்தது. பிறகு அந்தப் பதிலி, கடைசிச் சாராய இயந்திரத்தைத் தாண்டும் வரை அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஓடத்துறை அதிகாரி முத்திரையைப் பார்த்தார். "சரியா இருக்கு. பதிலி ஒழுங்கா போயிட்டு வந்துச்சா?"

"நேர்லயே போனேன் சார்."

"நேர்லயா? எதுக்குய்யா வீண் அலைச்சல்!" அவர் சிரித்த சிரிப்பில் கிராம்பு மணத்தது.

தாரகை வெளியே வந்தாள். அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். வாயை முகர்ந்தாள். நம்பாமல் இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு தன் பையை அவன் தோளில் மாட்டினாள்.

புறப்படும்போதுதான் பூவராகன் அதிகாரியின் பெயர்ப்பட்டையைப் படித்தான். தில்லைநாயகம்.

"சார், நீங்க நிறுத்தி இருநூத்திப் பத்து நாள் ஆச்சாமே."

சிரிப்பு நின்றது. அவர் குரல் இறங்கியது. "அங்க… என்னைப் பத்தி வேற என்ன சொல்லுது?"

"ஒரு தடவை வந்து கேளுங்க சார். ஆனா உட்கார ஏதாச்சும் கொண்டாங்க. அங்க ஒரு நாற்காலிகூட இல்லை."

அப்பாவும் மகளும் போய் மறையும் வரை அதிகாரி அசையாமல் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு முடிவுக்கு வந்தவராக, மணிக்கட்டுக் கருவியில் தன் பதிலியைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் கூட்டத்துக்குப் போறப்ப, வீட்ல இருந்து ஒரு நாற்காலி எடுத்துட்டுப் போ. போய் எனக்காக நல்லா உட்காரு."