உன் நல்லதுக்குத்தான்

அன்று காலை அவள் பாதங்களில் மண் இருந்தது. தரையில் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்தபடியே முதலில் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு இடது காலை. விரல் இடுக்குகளில்கூட ஈர மண் அப்பியிருந்தது. நேற்றைய மழையில் ஊறிய, இலை அழுகிய வாடை. ஆனால் கதவிலிருந்து கட்டில் வரை வெள்ளைத் தரைக்கல் பளிச்சென்று இருந்தது. ஒரு தடம் இல்லை. முன்பு எத்தனையோ காலைகளில் இப்படி மண்ணோடு விழித்திருக்கிறாள். தரையைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை.

வெளியே தாழ்ப்பாள் விலகியது. அம்மா வாளியும் துணியுமாக வந்து, மகளின் காலடியில் மண்டியிட்டாள்.

"ராத்திரி கீழ கேட் வரைக்கும் போயிட்ட தங்கம். அசதியில தாழ்ப்பாள் போட மறந்து தொலைச்சேன். நான் மட்டும் முழிக்கலைன்னா இந்நேரம் எந்த லாரிக்கு அடியில கிடந்திருப்பியோ."

"தரையெல்லாம் சுத்தமா இருக்கேம்மா?"

துணி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட மென்மையாகக் குதிகாலைச் சுற்றி வந்தது.

"நான்தான் துடைச்சேன். நீ வழுக்கி விழுந்துடக் கூடாதுல்ல."

தரையைத் துடைத்தவள் காலை ஏன் துடைக்கவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. கேட்காமல் மற்றக் காலையும் நீட்டினாள்.

அவளுக்கு வேலை, கதை வாசிப்பது. ஒலிநூல் நிறுவனத்துக்காக நாவல்களைக் குரல் மாற்றி மாற்றிப் படித்துப் பதிவுசெய்து அனுப்புவாள். அறையில் இருந்த பெரிய துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டுடியோ. சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவே ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு மடிக்கணினி. கதவைச் சாத்திக்கொண்டால் உலகமே பஞ்சுக்குள் போய்விடும். அம்மாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வெளியே போக வேண்டியதில்லையே.

இப்போது வாசித்துக்கொண்டிருந்தது இளையவர்களுக்கான ஒரு மாயக்கதை. மலைக்கோட்டை ஒன்றில் ஒரு ராணியும் அவள் மகளும். இளவரசி தூங்கினால் அவளுடைய நிழல் எழுந்துபோய்ப் பறவைகளின் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடும். விடிந்தால் ஜன்னல் ஓரத்தில் குருவிகள் செத்துக் கிடக்கும். அதனால் ராணி மகளை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். குரலை உயர்த்தாத ராணி. ஒரு கடுஞ்சொல் இல்லை. பூட்டும்போதெல்லாம் அழுவாள்.

முதல் பகுதியைக் கேட்டுவிட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த ராணி குரலை எங்க புடிச்ச? மிரட்டவே இல்ல, அவ்வளவு அன்பா பேசுது. கேட்கக் கேட்க எனக்கு மயிர் கூச்செறியுது."

"அது எங்க அம்மா குரல்க்கா," என்று சொல்லிச் சிரித்தாள். மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை.

அக்கா சொன்னாள். "இங்கயே வந்துடேன். நிரந்தர வேலை, தங்குறதுக்கு அறையும் தர்றோம். இதை ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

அன்று ராத்திரிதான் தூக்கத்தில் நடக்கும் வியாதி திரும்பி வந்தது. வருடக்கணக்காக இல்லாமல் இருந்தது. அதற்கு முன்னால் வந்தது, கல்லூரி விடுதியில் இடம் கிடைத்த வாரம். அப்போது விடுதியை விட்டாள். 'தூக்கத்துல மாடியில இருந்து விழுந்தா அந்த வார்டனா வந்து அழுவா?' என்று அம்மா கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

கால் துடைத்த அந்தக் காலையிலேயே அவள் அலமாரிக்குள் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தைப் பதிவுசெய்தாள். முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. இளவரசி தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறாள். நிழல் எழவில்லை. சுவரில் சமர்த்தாகப் படுத்திருக்கிறது. பிறகு கதவு திறக்கிறது. ராணி, மூடிய கூடையோடு, பூனைபோல் ஜன்னலுக்குப் போகிறாள். கூடைக்குள் ஏதோ சிறகடிக்கிறது. ராணி உள்ளே கைவிடுகிறாள். சிறகடிப்பு நிற்கிறது.

அவள் குரலும் நின்றது.

ஹெட்போனில் தன் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், அரை நொடி தள்ளி, இன்னொரு மூச்சு.

அலமாரிக் கதவைத் திறந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கதை நல்லாத்தான் இருக்கு தங்கம். ஆனா எழுதினவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை போல. பெத்தவளா இருந்தா அந்த ராணி மனசு புரிஞ்சிருக்கும்." ஒரு சட்டையின் கையை நீவி மடித்தாள். "கதவுக்குப் பூட்டு வாங்கிட்டு வந்துட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

அன்றைக்குப் படுக்கும்போது அவள் பதிவை நிறுத்தவில்லை, மைக்கையும் அணைக்கவில்லை. மறதியா, வேண்டுமென்றா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அலமாரிக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் படுத்தாள். வெளியே புதுப்பூட்டு கடக்கென்று விழுந்தது.

காலையில் மறுபடி மண். கொஞ்சம் முழங்காலிலும்.

"பூட்டிக்கூட எப்படிம்மா வெளிய போனேன்?"

"சாவியை என் தலையணைக்கு அடியில இருந்து எடுத்திருக்க. பாரேன், தூக்கத்துல என்ன சாமர்த்தியம்!" அம்மா சிரித்தாள். கண்ணும் கலங்கியது. உள்ளே இருப்பவள் வெளிப்பூட்டை எப்படித் திறப்பாள் என்று அம்மாவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மத்தியானம் அம்மா சமையலறையில் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அலமாரிக்குள் போய் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினாள். கம்பளிகளில் அவளுடைய சொந்த வியர்வை நாறியது. பதிவை ஓட்டினாள். நெடுநேரம் மின்விசிறி மட்டும். அவளுடைய சீரான, ஆழ்ந்த மூச்சு. புரண்டு படுக்கும் ஓசைகூட இல்லை. எங்கும் நடக்கவில்லை. அவள் எங்கும் நடக்கவே இல்லை.

பிறகு பூட்டு. கதவு. வெறுங்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை. எதையோ கீழே வைத்தார்கள். களிமண்ணைப் பிசைவதுபோல் ஈரமான ஒரு சத்தம். தோலின்மேல் அது பூசப்படும் சத்தம். அவசரமே இல்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுபோல் அவ்வளவு நிதானம்.

கட்டில் கிறீச்சிட்டது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளால தனியா இருக்க முடியாது," என்று மெதுவாகச் சொன்னாள் அம்மா. பாடம் சொல்லிக்கொடுக்கிற தொனி. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"அவளால தனியா இருக்க முடியாது." தூக்கத்தில் குழறிய அவளுடைய குரல்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல."

"அவளுக்கு உடம்பு சரியில்ல."

"அம்மா இல்லாம அவ செத்துப்போவா."

"செத்துப்போவா."

"முழுசா சொல்லு தங்கம்."

சொன்னாள். மறுபடியும் சொன்னாள். பதிவைத் தள்ளித் தள்ளிக் கேட்டாள். எங்கே தொட்டாலும் அதே வாக்கியங்கள். போகப்போகக் குழறல் குறைந்தது. வார்த்தைகள் தெளிந்தன. ஓரிடத்தில் யார் சொல்கிறார்கள், யார் திருப்பிச் சொல்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே குரல். இரண்டும் அம்மா.

ஹெட்போனைக் கழற்றினாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை.

கைக்குக் கிடைத்த பையை எடுத்துக்கொண்டாள். செருப்புப் போடவில்லை. கூடத்தைத் தாண்டும்போது சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. ஓரக்கண்ணில் அம்மாவின் முதுகு தெரிந்தது, அசையாமல். வாசற்கதவு பூட்டியிருக்கவில்லை. தாழ்கூட இல்லை. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். வெளியே பட்டப்பகல். காய்கறி வண்டி. பள்ளிப் பிள்ளைகள். யாரோ யாரையோ பார்த்துச் சிரித்தார்கள். நிறுத்தத்தில் ஒரு பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. எந்த ஊருக்கு என்றுகூடப் பார்க்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

கிளம்பிவிட்டது. சக்கரம் உருள்கிறது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"எங்கம்மா போகணும்?" நடத்துனர் பக்கத்தில் வந்து நின்றார்.

ரயில் நிலையம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வண்டியை நிறுத்துங்கப்பா," என்றது அவள் வாய், அம்மாவின் குரலில். "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல."

நடத்துனர் சுற்றுமுற்றும் பார்த்தார். நடுத்தர வயதுப் பெண் யாரும் அந்த வரிசையில் இல்லை. "எந்தப் பிள்ளைக்கு?"

உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. பற்களை விலக்கிக்கொண்டு நாக்கு புரண்டது.

"இவளுக்குத்தான்."

அவளுடைய வலது கை தானாக உயர்ந்து, விரல் நீட்டி, அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது.

நடத்துனரின் முகம் வெளுத்தது. விசில் ஊதினார். வண்டி தயங்கி நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்தை மட்டும்தான் இன்னும் அவளால் திருப்ப முடிந்தது. ஜன்னல் வழியே, இவ்வளவு தூரம் வந்தும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல, வீட்டின் மாடி தெரிந்தது. அங்கே அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பதற்றமே இல்லை. கன்னங்களில் கண்ணீர் வெயிலில் மின்னியது. உதடுகள் மட்டும் மெதுவாக, பொறுமையாக, பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல் அசைந்தன.

"மெதுவா இறங்கு தங்கம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள் மகள்.