எட்டாவது தூணுக்குள் ஒரு பிணம்!

"அய்யோ...! என் வூட்டுக்காரரு அந்தத் தூணுக்குள்ளதான் இருக்காரு சார்...!"

அலறல் கேட்டு சப்-இன்ஸ்பெக்டர் மார்ட்டின் நாற்காலியில் துள்ளினான்.

மடியில் இருந்த புத்தகம் தரையில் விழுந்தது.

லண்டன் மூடுபனியில் ஒரு கொலை. தமிழில் மொழிபெயர்த்தது. இன்னும் நாலே பக்கம் புரட்டினால் கொலைகாரன் சிக்கியிருப்பான்!

சிக்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை செம்மண். தலைமுடி காற்றில் பறந்தது. கண்கள் மட்டும் ஆணி அடித்த மாதிரி மார்ட்டின் மேலேயே நின்றன.

திகில் கதைகளில் இந்த இடத்தில் இடி இடிக்கும்.

கள்ளக்குறிச்சியில் வெயில் அடித்தது.

"உக்காரும்மா. பேரு?"

"செல்லியம்மா சார்."

"ஊரு?"

"கரியாலூருக்கு அந்தாண்ட... மலைமேல."

"எந்தத் தூணு?"

"பந்து ஒதைக்கறதுக்குனு புதுசா கட்டியிருக்காங்களே... அந்த ஸ்டேடியம்! அதுல கெழக்கால, எட்டாவது தூணு! என் வூட்டுக்காரரு கொளஞ்சியப்பன நரபலி குடுத்து உள்ள வெச்சிப் பூசிட்டாங்க சார்!"

நரபலி!

மார்ட்டினின் முதுகுத்தண்டில் பனிக்கட்டி ஒன்று இறங்கியது. பயத்தில் அல்ல. ஆனந்தத்தில்!

இருபத்தாறு வயது. போலீஸில் சேர்ந்ததே அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான். கள்ளக்குறிச்சிக்கு வந்து எட்டு மாதம். இதுவரை துப்பறிந்தது மூன்று ஆடு, ஒரு சைக்கிள், ஒரு வேலித் தகராறு. மூன்று ஆடுகளில் இரண்டு தாமாகவே வீடு திரும்பிவிட்டன.

"சார்..." ஏட்டு சுப்புராயன் காதருகே குனிந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எதற்கும் துள்ளாதவர். "ஆத்துப்பாலம் கட்டச்சொல்லோ இதே புரளிதாங்க. பெத்தவங்க ஒரு மாசம் புள்ளைங்கள பள்ளிக்கூடமே அனுப்பல. கடைசில ஒண்ணுமே இல்ல."

"இதுல இருக்கும் ஏட்டய்யா... ஏம்மா, எப்பலேர்ந்து காணோம்?"

"புரட்டாசில ரோடு மறியல் நடந்திச்சே... அந்த வாரத்துலேர்ந்து சார்."

அந்த வாரத்தை யாரும் மறக்க முடியாது.

எண்பத்தேழாம் வருடம். இடஒதுக்கீடு கேட்டு மறியல். புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை. லாரி இல்லை. ஆயிரக்கணக்கில் கைது. மார்ட்டினே ஒரு வாரம் உளுந்தூர்பேட்டை ரோட்டில் நின்று, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குக் காவல் காத்தான். அந்த மரம் தப்பி ஓடவில்லை என்பது அவனுடைய சாதனை.

"ரெண்டு மாசம் கழிச்சி வந்து சொல்றியே?"

"மறியல்ல புடிச்சிக்கினு போயிருப்பாங்கனு இருந்தேன் சார். வேலூரு ஜெயிலு வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். எல்லாரையும் வுட்டுட்டாங்க. இவரு மட்டும் இல்ல..."

"போட்டோ இருக்குதா?"

"எங்க மலையில போட்டோ ஏதுங்க சார்?"

"சரி... எட்டாவது தூணுனு எப்பிடித் தெரியும்?"

"கனவுல வந்து சொன்னாரு."

"எண்ணிக்கையோடவா?"

"படிக்காதவருதான் சார். ஆனா பத்து வரைக்கும் எண்ணுவாரு."

மார்ட்டின் தொப்பியை எடுத்தான்.

"வண்டிய எடுங்க ஏட்டய்யா!"

"வண்டி பந்தோபஸ்துக்குப் போயிருக்குதுங்க. சைக்கிள்தான்."

உலகப் புகழ் பெறப்போகும் துப்பறிவாளன் சைக்கிள் கேரியரில் ஏறினான்.

ஸ்டேடியம் ஜோராக இருந்தது.

பச்சைப் புல். சுண்ணாம்புக் கோடு. வலை கட்டிய கோல் போஸ்ட். கிழக்கே வரிசையாகப் பன்னிரண்டு தூண்கள். அவற்றின் மேல் படிப்படியாக ஏறிய கான்கிரீட் கேலரி. 'இரண்டாயிரம் பேர் அமரும் நவீன கால்பந்து ஸ்டேடியம்! மந்திரி திறந்து வைக்கிறார்! நாளை மாலை மூன்று மணி!' என்றது பேனர்.

நாளை!

மார்ட்டின் எட்டாவது தூணின் அடியில் மண்டியிட்டான். பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். தேர்த்திருவிழாவில் வாங்கியது.

தூணின் பாதத்தில் சிவப்பாக ஒரு கறை!

விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"ஏட்டய்யா... ரத்தம்!"

சுப்புராயன் குனிந்து பார்த்தார்.

"வெத்தல எச்சி சார்."

மார்ட்டின் விரலை கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். லண்டனில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. அங்கே துப்பறிவது சுலபம்.

"இன்னா சார் தேடிக்கினு இருக்கீங்க?"

குரல் கேட்டுத் திரும்பினான். காண்ட்ராக்டர் தங்கதுரை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு.

"பொணம்!" என்றான் மார்ட்டின்.

தங்கதுரை கடகடவென்று சிரித்தார்.

"நரபலியா? சார், சேவல்தான் சார் அறுத்தோம்! ஒரே ஒரு சேவல்! அதையும் கொழம்பு வெச்சித் தின்னுட்டானுங்க!"

"கொளஞ்சியப்பன்னு ஒரு ஆளு உங்ககிட்ட வேல செஞ்சாரா?"

"மலையிலேர்ந்து நாப்பது பேரு வந்தானுங்க. நாப்பது பேரும் போனானுங்க. அவனுங்க மூஞ்சியெல்லாம் எவன் சார் பாத்துக்கினு இருந்தான்?"

"அப்ப தூண ஒடச்சிப் பாத்துடலாம்."

சிரிப்பு நின்றது.

சட்டென்று... பல்பு பியூஸ் போன மாதிரி!

"ஒ... ஒடைக்கறதா? நாளைக்கு மந்திரி வர்றாரு சார்!" தங்கதுரையின் நெற்றியில் வியர்வை பூத்தது. "தூணத் தொடக்கூடாது! தொட்டீங்கனா நான் டி.எஸ்.பி.க்கு போன் போடுவேன்!"

போட்டார். சைட் ஆபீஸ் போனில், இரண்டே நிமிடத்தில். ரிசீவர் மார்ட்டின் கைக்கு வந்தது.

"மார்ட்டின்!" டி.எஸ்.பி.யின் குரல் காதைத் துளைத்தது. "நீ இன்னா புஸ்தகம் படிக்கிறேனு எனக்குத் தெரியும்யா! ஒடச்சி உள்ள பொணம் இருந்திச்சினா உனக்கு மெடல். இல்லனா உன் தொப்பிய நானே வந்து கழட்டிக்கினு போவேன். புரியுதா?"

புரிந்தது.

ஒரு பக்கம் தொப்பி. மறுபக்கம் ஒரு பெண்ணின் கணவன்.

மார்ட்டின் எட்டிப் பார்த்தான். செல்லியம்மாள் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த கால்கள். பாதத்தில் வெடிப்பு வெடிப்பாகக் காய்ந்த மண்.

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எப்படியும் போகப் போகிறது.

"ஏட்டய்யா! கேலரிக்கு அடியில முட்டுக் குடுங்க. தூண ஒடைக்க ஆள் புடிங்க!"

"இப்ப ஆளுக்கு எங்கங்க போறது? வேலைக்காரனுங்க எல்லாம் கெளம்பிட்டானுங்க" என்று முனகிக்கொண்டே போனார் சுப்புராயன்.

போன வேகத்தில் திரும்பினார். பின்னால் ஒல்லியாக ஒரு ஆள். தலையில் முண்டாசு. தோளில் சம்மட்டி.

"வாசல் கேட்டாண்டயே நின்னுக்கினு இருந்தான் சார்!"

"சம்மட்டியோடவா?"

"ஆமாங்க. நம்ம நல்ல நேரம்."

லண்டன் துப்பறிவாளன் இந்த இடத்தில் அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பான்.

மார்ட்டின் கேட்கவில்லை. நல்ல நேரத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டு நின்றான்.

சவுக்குக் கட்டைகளை அடித்து முட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆளே முன்நின்று கொடுத்தான். எங்கே எத்தனை கட்டை வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அய்யோ... என் ராசா... உன்ன இடிச்சி எடுக்கறாங்களே...!" செல்லியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் அந்தாண்ட போம்மா. கல்லு தெறிக்கும்" என்றான் முண்டாசுக்காரன்.

அவள் உடனே எழுந்து தள்ளி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள்.

முதல் அடி.

டொப்!

கான்கிரீட் சத்தம் அல்ல அது. காலி டின்னைத் தட்டிய சத்தம்!

இரண்டாவது அடி. காரை பாளம் பாளமாக உதிர்ந்தது.

மூன்றாவது அடி...

"சார்ர்ர்!" சுப்புராயன் துள்ளினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக!

தூணுக்குள் மஞ்சளாக, நீளமாக, கணுக்கணுவாக ஏதோ தெரிந்தது.

"எலும்பு!" என்று கத்தினான் மார்ட்டின்.

"மூங்கிலுங்க" என்றார் சுப்புராயன்.

மூங்கிலேதான். கம்பி இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் மூங்கில். எண்ணினால் எட்டு. இரும்பு என்று ஒரு குண்டூசிகூட இல்லை!

"கம்பி எங்க?" மார்ட்டின் மெதுவாகத் திரும்பினான். "தங்கதுரை... கம்பி எங்க?"

பதில் இல்லை. தங்கதுரையும் இல்லை!

வெள்ளை வேட்டி மைதானத்தின் நடுவே பறந்துகொண்டிருந்தது. நடு வட்டத்தைத் தாண்டியது. கோலை நோக்கி முன்னேறியது. புதிய ஸ்டேடியத்தின் முதல் ஆட்டக்காரர்!

சுப்புராயன் குறுக்கே பாய்ந்து காலை வாரினார். பெனால்டி ஏரியாவுக்குள்.

"மறியல்ல கம்பி லாரி மாட்டிக்கிச்சி சார்..." புல்லில் கிடந்தபடியே தங்கதுரை மூச்சு வாங்கினார். "மந்திரி தேதி குடுத்துட்டாரு... தூணு நிக்கணும்... அந்த வாரம் எழுப்பின ஆறு தூணுக்கும் மலை மூங்கில வெச்சிக் கட்டினோம். நல்ல மூங்கிலு சார், இரும்பு மாதிரி...!"

"நாளைக்கு அதுமேல யாரு உக்கார்றாங்க?"

தங்கதுரை புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பேனரின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. 'கேலரியில் பள்ளி மாணவர்களுக்கு அனுமதி இலவசம்.'

இரண்டாயிரம் பிள்ளைகள்.

மார்ட்டினுக்கு அதன்பிறகு லண்டன் ஞாபகமே வரவில்லை.

ஆனால் டி.எஸ்.பி.க்கு ஒன்று ஞாபகம் இருந்தது.

"மூங்கில் சரிய்யா... பொணம் எங்க?" போனில் உறுமினார். "நரபலினு எப்.ஐ.ஆர். போட்டிருக்க! காண்ட்ராக்டரோட வக்கீலு சிரிக்கிறான். கேஸே ஜோடனைன்றான். நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணி. பொணம் கையில இருக்கணும். இல்லனா தொப்பி!"

மீதி ஐந்து தூண்களையும் உடைத்தார்கள்.

மூங்கில். மூங்கில். மூங்கில். மூங்கில். மூங்கில்.

பிணம் இல்லை!

மறுநாள் ஆட்டம் நடந்தது.

மந்திரிக்கு திடீர்க் காய்ச்சல். கேலரியைச் சுற்றிக் கயிறு. கூட்டம் முழுவதும் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி மண்ணில் குந்தியிருந்தது. ஸ்டேடியம் வருவதற்கு முன்னால் குந்தியிருந்த அதே மாதிரி!

மணி நாலே முக்கால்.

மார்ட்டின் கோட்டோரமாக நடந்தான். கடைசி பதினைந்து நிமிடத் தொப்பி தலையில் கனத்தது. செல்லியம்மாளிடம் என்ன சொல்வது?

கூட்டத்தில் அவளைத் தேடினான்.

கார்னர் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேர்க்கடலை.

உரித்து உரித்துப் பக்கத்தில் இருந்தவன் கையில் போட்டாள்.

முண்டாசுக்காரன்!

அவன் ஒன்றைத் தின்றான். ஒன்றை அவள் வாயில் போட்டான். அவள் வெட்கப்பட்டு அவன் தோளில் இடித்தாள்.

மார்ட்டினுக்குள் ஏதோ ஒரு கதவு கிறீச்சென்று திறந்தது. லேட்டாக. மிகவும் லேட்டாக.

"யோவ்...!" கூட்டத்தை விலக்கி அவன் முன்னால் போய் நின்றான். "உன் பேரு இன்னா?"

முண்டாசுக்காரன் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கொளஞ்சியப்பன்ங்க."

மார்ட்டின் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"நேத்தே கேட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேனுங்க."

"நீ... நீ செத்துட்டதா இவ சொன்னா! உன் பொணத்தத் தேடித்தான்யா உன் கையாலயே தூண ஒடைக்க வுட்டேன்!"

"தங்கதுரையும் அங்கதான் நின்னாரு சார். ரெண்டு மாசம் அவருகிட்ட வேல செஞ்சேன். அவருக்கே என்னத் தெரியல." கொளஞ்சியப்பன் கடலைத் தோலை ஊதினான். "அந்த மூங்கில வெட்டியாந்து கட்டினவனே நான்தாங்க. வாயத் தொறந்தா மொதல்ல உங்களத்தான் புடிப்பாங்கனு தங்கதுரை எங்க எல்லாரையும் மெரட்டினாரு. மனசு கேக்கல. மலைக்கு ஓடிட்டேன்."

"வந்து சொல்றதுக்கு இன்னா?"

செல்லியம்மாள் நிமிர்ந்தாள். கண்ணில் நேற்றைய கண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை.

"மூணு தபா பெட்டிஷன் குடுத்தோம் சார். தூணுக்குள்ள கம்பி இல்ல, புள்ளைங்க மேல வுழுந்துரும்னு. படிச்சவன் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. பொணம் இருக்குதுனு ஒரு வார்த்த சொன்னேன். சைக்கிள்ல தொத்திக்கினு வந்து ஆறு தூணையும் ஒடச்சிட்டீங்க!"

மார்ட்டின் பாக்கெட் நோட்டைத் திறந்தான். மூடினான்.

பொய்ப் புகார். அவள்மேல் கேஸ் போடலாம். சுண்ணாம்புக் கோட்டோரம் குந்தியிருந்த இரண்டாயிரம் தலைகளைப் பார்த்தான். பின்னால் நின்ற சுப்புராயனைப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டய்யா... நான் போலீஸுக்கு லாயக்கா?"

"பரவால்லீங்க சார். ஆடு காணோம்னா நீங்கதான் பெஸ்டு."

திடீரென்று கூட்டம் எழுந்து கூச்சலிட்டது. பந்து கோல் வலைக்குள்! ஆனால் ரெஃப்ரீ விசிலடித்து கையை ஆட்டினார். ஆஃப்சைடு!

அதே நேரம் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மார்ட்டின்! மணி அஞ்சு! பொணம் கெடச்சிதா?"

"கெடச்சிடுச்சு சார்!"

"அட...! எந்த நெலமையில இருக்குது? அழுகிப்போச்சா?"

மார்ட்டின் கார்னர் கொடிப் பக்கம் திரும்பினான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"இல்ல சார்... எழுந்து நின்னு, ரெஃப்ரீயத் திட்டிக்கினு இருக்குது!"